கறுப்பு முதலில் தீர்ந்தது

நுவரெலியா ஆஸ்பத்திரியில்
டொக்டர் சிங்களத்தில் கேட்டார்.
நர்ஸ் அதைத் தமிழில் கேட்டாள்:
"கனவுல என்ன வருது?"

நான் சொல்லி முடிக்கக் கால்மணி நேரம்.
அவள் திருப்பிச் சொன்னது ஒரே சொல்.
பய.
அந்தச் சொல் எனக்கும் தெரியும்,
ஒரு 'ம்' சேர்த்தால் தமிழ்.
டொக்டர் குளிசை எழுதத் தொடங்கினார்.

மேசையில் இன்னொரு பேனை கிடந்தது.
கிளினிக் கார்டைத் திருப்பிப் போட்டு
ஒரு சதுரம் கீறினேன்.
அதற்குள் இன்னொரு சதுரம்.
அதற்குள் இன்னொன்று,
பேனை முனை போகாத அளவுக்குச் சின்னதாக.
டொக்டர் எழுதுவதை நிறுத்தினார்.
சதுரத்தின் நாலு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார்
கதவைத் தேடுகிற மாதிரி.
நர்ஸ் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து வரைகிறேன்.
நிரோஜனின் பள்ளிக்கூடப் பெஸ்டல் பெட்டி, பன்னிரண்டு நிறம்.
தலவாக்கலை நகைக்கடை கொடுத்த போன வருசக் கலண்டர்.
முன்பக்கத்தில் லட்சுமி,
பின்பக்கம் எனக்கு.
அழுத்தி வரைந்தால்
அவள் கன்னத்தில் பள்ளம் விழுகிறது.
மன்னிக்க வேணும் தாயே.

இரவில்தான் வரும்.
ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற காத்தாடி ஓடத் தொடங்கினால்
ஏழாம் மாடியில் ஓடிய ஏசிதான் காதுக்குள்.
என் பேர் அவர்கள் வாயில் நுழையவில்லை என்று
வேறொரு பேர் வைத்திருந்தார்கள்.
கனவில் அந்தப் பேரைக் கூப்பிட
எழும்பிப் போய் நிற்கிறேன்,
கையைக் கட்டிக்கொண்டு,
எங்கள் காம்பராவில், அடுப்படியில்,
விடிய மூன்று மணிக்கு.
எவ்வளவு நேரமாக நின்றேன் என்று
கால் விறைப்பை வைத்துத்தான் கணக்கு.

எல்லாவற்றையும் வரைந்துவிட்டேன்.
தரை இல்லாத லிப்ட்டை.
மலையாய்க் குவிந்த வெள்ளை அங்கிகளை,
அதன் உச்சியில்
கொழுந்துக்கூடையோடு நிற்கும் யாரோ ஒருத்தியை.
ஜன்னலை, அதற்கு வெளியே இன்னொரு ஜன்னலை.

இஸ்திரிப் பெட்டி மட்டும் வர மாட்டேன் என்கிறது.
மூக்கு வரைக்கும் வருவேன்,
கை வழுக்கித் தோணியாகிவிடும்.
ஒருதரம் எலியாயிற்று.
நிரோஜன் விழுந்து விழுந்து சிரித்தான்.
நானும்தான்.

வலது முழங்கைக்கு மேலே
அதே மூக்கு இருக்கிறது, தோலில்,
ஒரு கோடு பிசகாமல்.
வரைந்தவளுக்குக் கை நடுங்கவில்லை.

சந்தனமேரி அக்கா சொல்கிறாள்,
இதையெல்லாம் வீட்டில் ஒட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று.
ஒட்டவில்லை.
அரிசி டின்னுக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஏஜன்ட் வந்தான்.
இந்தத் தடவை நல்ல வீடாம், சின்னக் குடும்பமாம்.
டின்னை நகர்த்தி
தாள்களை அவன் மடியில் வைத்தேன்.
ஒவ்வொன்றாய்ப் புரட்டிக்கொண்டு வந்தவன்
ஒன்றில் நின்றான்:
"இந்த ஆளுக்கு மூஞ்சி இல்லையே?"
இன்னும் வரையல்ல, என்றேன்.
நீங்க கொஞ்சம் ஆடாம இருங்க.

தேத்தண்ணி பாதிக் கோப்பையில் ஆறிக் கிடந்தது
அவன் இறங்கிப் போன பிறகும்.

கறுப்பு முதலில் தீர்ந்தது.
பிறகு சிவப்பு.
பச்சைக்கு மேலே சுற்றிய கடதாசிகூடக் கிழியவில்லை.
கதவைத் திறந்தால் கண் போகிற தூரத்துக்கும் அதுதான்,
இருந்தும் என் கைக்கு அது எட்டவில்லை.

பிள்ளைக்கு வகுப்பில் தேயிலை மலை வரையச் சொன்னார்களாம்.
"கறுப்பு இல்லம்மா,
கோடு போடாமலே கலர் அடிச்சேன்."
டீச்சர் சரி போட்டிருந்தா.
மலையின் ஓரமெல்லாம் கலங்கி
வானத்துக்குள் போயிருந்தது,
மழை நாளில் போகிற மாதிரியே.
அதை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றும் கூப்பிட்டார்கள்.
எழும்பினேன்.
கை கட்டப் போய்
வழியில் லைட்டைப் போட்டேன்.
அடுப்பிலிருந்து கரித்துண்டு எடுத்தேன்,
இன்னும் சூடாக இருந்தது, கீழே போட்டேன்,
ஆறும் வரைக்கும் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

கலண்டரில் செப்டெம்பர் வரை வந்தாயிற்று.
மூன்று தாள் மிச்சம்.
அதுவும் முடிந்தால் சுவர் இருக்கிறது,
தோட்டத்துச் சுவர்.
கேட்டுத்தான் வரைய வேண்டுமா என்று
யாரிடம் கேட்பது,
தெரியவில்லை.