வாளி

முசாஃபா. ஆகஸ்ட். ராத்திரி இரண்டரை.
சாரத்திலிருந்து விழுந்த காலில்
டாக்டர் அடித்தது ஏழு ஆணி.
எட்டாவதை நானே அடித்துக்கொண்டேன்:
ஏன் எனக்கு மட்டும்.

நாலு மாதச் சம்பளம் பாக்கி.
வெள்ளிக்கிழமை சபை வேன் ஹாரன் அடித்தபோது
தூங்குவதுபோல் கிடந்தேன்.
ஹெப்சி அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இன்னும் கேட்கவில்லை.
ஸ்தோத்திரம் சொல்லுங்க என்பாள்.
அதற்கு வாயில் ஈரமில்லை.

ஜெபம் என்றுதான் தொடங்குகிறேன், ஆண்டவரே.
பாதியில் பார்த்தால்
உமக்கு முதுகைக் காட்டி
எனக்கு நானே துக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.
வந்தவனும் நான், அழுதவனும் நான்,
காப்பி ஆற்றிக் கொடுத்தவனும் நான்.

மேல்கட்டில் ஆசீர் இறங்கினான்.
போன மாதம் அவன் மகளை அடக்கம் செய்தார்கள்,
இவன் போனில் பார்த்தான்.
ஏசிக் குழாய்க்குக் கீழிருந்த வாளியை எடுத்தான்,
தளும்பத் தளும்ப.

"எங்கேருந்துல இவ்வளவு தண்ணி?"
"காத்துலதான். நம்ம மூச்சும் இருக்கும்."
பெயிண்ட் டப்பாவில் நிற்கும் முருங்கைக் கன்றுக்கு
கொஞ்சம் ஊற்றிவிட்டு
மீதியில் முகம் கழுவினான்.
ரொம்ப நேரம் கழுவினான்.

விளக்கணைந்தது.
காலி வாளியில் முதல் சொட்டு.
ஆணி வலிக்கிறது. சம்பளம் வரவில்லை.
மேலே ஆசீர் உறங்கவில்லை, கட்டில் சொல்கிறது.

அடுத்த சொட்டுக்குக் காத்தபடி
உம் பக்கம் திரும்பிப் படுக்கிறேன்,
மெதுவாக,
காலைப் பிடித்துக்கொண்டு.
இன்றைக்கு அவனுக்காக மட்டும்.