ஆமாவா, இல்லையா

ஐந்து மாதமாய் உதவித்தொகை வரவில்லை.
குடியாத்தத்தில் பஸ் ஏறினேன்.
பரதராமி செக்போஸ்ட் தாண்டியதும்
நடத்துநருக்குப் பாஷை மாறிவிட்டது.
பையில் பிரிக்ஸ் மீட்டர், வெப்பமானி,
நேற்றிரவு அடித்து அடித்து எழுதிய ஒரு தொகை:
நாளொன்றுக்கு நாலாயிரம்.
துணிச்சல் போனால் நீட்டலாமென்று
மூவாயிரத்து ஐந்நூறு, இன்னொரு தாளில்.

நாதமுனி நாயுடுவின் ஆலை வாசலில்
கிளிமூக்கு மாம்பழ லாரிகள்
கண்ணுக்கெட்டிய மட்டும் நின்றன.
ஈக்கள் மட்டும் வேலை பார்த்தன.

"கூழு கருத்துப் போவுதும்மா. எந்துக்கு?"

நான்கு காரணங்கள் இருக்கலாம் என்று ஆரம்பித்தேன்.
ஆறு மாதிரி போதாது என்றேன்.
வெப்பநிலைப் பதிவேட்டில்
செவ்வாய் முழுக்க ஒரே எண், ஒரே பேனா என்றேன்.
அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி
மேசைமேல் வைத்தார்.
"பழமா, மிஷினா?
ஒண்ணு சொல்லு."

எங்கள் துறையில் 'இருக்கலாம்' என்பது ஒரு நாற்காலி.
ஆறு வருடமாய் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீராவிக் குழாயருகே மூன்று மணி நேரம் நின்று அளந்தேன்.
தொண்ணூறு இருக்க வேண்டிய இடத்தில் எழுபத்தெட்டு.
மிஷின்தான், என்றேன்.
மூன்று நாளுக்கு மேல் குவிந்து கிடந்த பழமும்தான்.
'எழுபது சதவீதம் உறுதி' என்பதை
டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

அவர் எழுந்து தெலுங்கில் கத்தினார்.
பத்தே நிமிடம்.
நான்கு லாரிகள் வரிசையை விட்டு விலகின.
இருநூற்றுப் பதினான்கு பக்கம் என் ஆய்வேடு.
அதில் ஒரு வரிக்கும் இதுவரை
ஒரு சக்கரம் உருண்டதில்லை.

நான்காவது லாரியிலிருந்து
லுங்கியை மடித்துக் கட்டியபடி ஒருவர் இறங்கினார்.
"யாரு சொன்னது?"
தமிழில்தான் கேட்டார்.
வாட்ச்மேன் என்னைக் காட்டினான்.

ஏறிப் போய் மூன்று பழம் அறுத்தேன்.
இரண்டு நன்றாயிருந்தன.
ஒன்றின் கொட்டையைச் சுற்றிப் பழுப்பு.
மூன்று மாதிரி.
கீழே அவர், ஆபீஸ் ஜன்னலில் நாயுடு,
இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டு.

"இதை உள்ளே விடுங்க,
முதல்ல அரைக்கணும்."

சரியா என்று இன்னும் தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் கவரைப் பிரித்தேன்.
ஏழு ஐந்நூறு ரூபாய்த் தாள்.
நீட்டும்போது தாள் மாறியிருக்கிறது.
வழிகாட்டியிடமிருந்து ஒரு செய்தி:
மூன்றாம் இயல் எங்கே?
விரலெல்லாம் பிசுபிசுப்பு,
பதில் அடிக்க முடியவில்லை.
அறிக்கையின் கடைசியில், பழக்கதோஷம்,
'மேலும் ஆய்வு தேவை' என்று இருந்தது.
செக்போஸ்டில் அதை அழித்தேன்.
குடியாத்தம் வருவதற்குள்
திரும்பவும் எழுதினேன்,
அந்த நான்காவது லாரியின்
நம்பரையும் சேர்த்து.