கிடைத்ததாகக் கருதப்படும்

பத்தாண்டுகள் அவருக்குத் தட்டச்சு செய்தவன் நான்.
யர்மிலா ஸெஸுல்கோவா.
பிர்னோ நகரில், அரசியல் சாசன நீதிமன்றத்தில்
பதினைந்து பேரில் ஒருவர்.
வியாழன் மதியம் மட்டும் சட்டக் கல்லூரியில் பேராசிரியர்.
இரண்டு வேலைக்கும் ஒரே பை,
ஒரே கறுப்புக் கோட்டு,
டிராமில் ஒரே ஜன்னலோரம்.
கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நான் நின்றபடி வருவேன்.

பெரிய வழக்குகளைச் செய்தித்தாள்கள் சொல்லிவிட்டன.
என்னிடம் இருப்பது ஓட்டகர் பெட்ர்ஷெலாவின் வழக்கு.
இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.
வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம்
தபால் நிலையத்தில் பத்து நாள் அவருக்காகக் காத்திருந்தது.
பதினோராம் நாள், சட்டப்படி,
அது கிடைத்ததாகக் கருதப்பட்டது.
ஊன்றுகோலோடு அவர் திரும்பியபோது
பூட்டு புதிது.

பதினான்கு பேர் சொன்னார்கள்: கருதப்படும்.
கருதாவிட்டால் அரசாங்கம் எப்படி நடக்கும்?
நியாயமான கேள்விதான் என்று அவரே ஒப்புக்கொண்டார்.
ஒப்புக்கொண்டு, நான்கு பக்கம் மறுத்து எழுதினார்.
"கருதுவது சட்டத்தின் வேலை;
கருதியதைப் போய்ப் பார்ப்பது நம் வேலை."
இந்த வரியை மூன்று முறை வெட்டச் சொன்னார்.
மூன்று முறையும் மறுநாள் காலை
திரும்பச் சேர்க்கச் சொன்னார்.

அதே வாரம் வியாழக்கிழமையும் வந்தது.
கரும்பலகையில் வழக்கு எண்ணை எழுதினார்.
பதினான்கு பேர் சொன்னதை எழுதினார்.
"இதுதான் சட்டம்" என்றார்.
தன் நான்கு பக்கம் பற்றி மூச்சு விடவில்லை.
கடைசி வரிசையில் ஒருவன் கேட்டான்:
யாருமே மறுக்கவில்லையா?
"ஒருவர்" என்றார்,
விரலிலிருந்து சாக்குத் தூளைத் தட்டிக்கொண்டே.
"அது பரீட்சைக்கு வராது."

வந்தது.
ஜூன் மாத வாய்மொழித் தேர்வில்
ஸிடோனியா என்றொரு பெண், மேலுதடெல்லாம் வியர்வை,
அந்த ஒருவர் சொன்னது தவறென்று
பன்னிரண்டு நிமிடம் வாதாடினாள்,
எழுதியவர் எதிரே இருப்பது தெரிந்தே.
முழு மதிப்பெண்.
திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்,
மூன்றாம் பக்கத்தில் அவள் கண்டுபிடித்த ஓட்டை
பதினான்கு பேர் கண்ணிலும் படவில்லை என்று.
அடுத்து 'நல்லவேளை' என்றாரா, 'ஐயோ' என்றாரா,
வளைவில் திரும்பிய டிராமின் கிறீச்சில் கேட்கவில்லை.

பெட்ர்ஷெலாவுக்கு வீடு திரும்பக் கிடைக்கவில்லை.
கவிதையில்கூட என்னால் அதைக் கொடுக்க முடியாது.

பதவிக்காலம் ஒரு திங்கட்கிழமை முடிந்தது.
பைக்குள் இருந்தவை: ஒரு குவளை, இரண்டு அகராதி.
வீடுவரை கூடப் போனேன்.
கீழ்த்தளத்தில் வரிசையாகத் தபால் பெட்டிகள்.
மூன்றாம் மாடிக்காரி மகளைப் பார்க்க ஒலோமோட்ஸ் போயிருந்தாள்;
அவள் பெட்டியில் மஞ்சள் சீட்டொன்று
பாதி துருத்திக்கொண்டிருந்தது.
அவர் குனிந்து தேதியைப் பார்த்தார்.
கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினார்.
"ஒன்பது" என்றார்.

கோட்டைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து
போன் போட்டார்.
குவளையை வாங்கி வைத்துக்கொண்டு நான் நின்றேன்.
அந்தப் பக்கம்
மணி அடித்துக்கொண்டே இருந்தது.