அங்குலக் கணக்கு

காளவாசல் தாண்டி பைபாஸ் ரோட்டில் அந்தக் கடை.
ஏசிக்காகவே பாதிப் பேர் உள்ளே வந்திருந்தார்கள்.
சுவரெல்லாம் ஒரே கிளி, ஒரே பவளப்பாறை,
யாரும் உரித்துத் தின்னாத ஓர் ஆரஞ்சுப் பழம்
முப்பது திரையிலும் சொட்டிக்கொண்டிருந்தது.

சட்டைப்பையில் குத்திய பெயர்: முத்திருளாண்டி.
'கிளியப் பாத்து டி.வி. வாங்காதீங்க மேடம்,
கிளி எதுலயும் நல்லாத்தான் இருக்கும்' என்றான்.
அப்போதே அவனைப் பிடித்துப்போயிற்று.

நான் கோரிப்பாளையத்தில் எக்ஸ்ரே எடுப்பவள்.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க:
பதினொரு வருஷமாய் இதையே சொல்லி
கறுப்பைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன்.
நெஞ்சுப் படத்தில் கறுப்பென்றால் காற்று,
காற்றென்றால் நல்ல சேதி.
பயமெல்லாம் சாம்பலைக் கண்டால்தான்.

ஜெயசீலனுக்குச் சிமென்ட் கடை.
எதையும் மூட்டைக் கணக்கில்தான் பார்ப்பார்.
எழுபத்தைந்து அங்குல கியூஎல்இடி, தொண்ணூற்று நாலாயிரம்,
அங்குலம் ஆயிரத்து இருநூற்று ஐம்பத்து மூன்று.
செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்,
வேறென்ன பேச இருக்கிறது என்பதுபோல்.

பென்டிரைவ் கொண்டுபோயிருந்தேன்.
தை மாதம் வண்டியூர்த் தெப்பக்குளத்தில்
தம்பி கேமராவை இரவல் வாங்கி இவர் எடுத்தது.
கை நடுங்கி, யார் தலையோ குறுக்கே வந்து,
இரண்டு நிமிஷம் நாற்பது நொடி:
இருட்டுத் தண்ணீர், மேலே விளக்குத் தெப்பம்.

எழுபத்தைந்தில் போட்டான்.
விளக்கெல்லாம் ஜொலித்தது, கண் கூசிற்று.
தண்ணீர் மட்டும் சாம்பல், சளி கட்டிய நெஞ்சுபோல.
பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிகிறதாம்.
சாத்திய கதவின் கீழே கசியும் வெளிச்சமாய்
எல்லா இருட்டிலும் அது ஒழுகிக்கொண்டிருந்தது.

அடுத்தது மினி எல்இடி, அறுபத்தைந்து.
பின்விளக்கை நூறு நூறாய் நறுக்கி
வேண்டாத இடத்தில் அணைத்துவிடுமாம்.
பரவாயில்லை, தண்ணீர் தண்ணீராகத்தான் தெரிந்தது.
ஆனால் தெப்பத்தின் ஒவ்வொரு பல்புக்கும்
காலண்டர் சாமிபோல் ஓர் ஒளிவட்டம்.
'ராத்திரி சீன்ல மட்டும்தான் மேடம்.'
நாங்கள் உட்கார்ந்து பார்ப்பதே ராத்திரியில்தானே.

ஓஎல்இடி கடைசிச் சுவரில். ஐம்பத்தைந்துதான்.
ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும் என்று
அந்தப் பக்க விளக்குகளை நிறுத்தினான் முத்திருளாண்டி.
தெப்பம் வந்தது.
இடது ஓரம், படிக்கட்டில்,
ஒரு பலூன்காரன்.
விற்காத பலூன்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு
நோட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.
எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

எழுபத்தைந்தில் அவன் இல்லை.
திரும்பப் போய்ப் போடச் சொல்லிப் பார்த்தேன், இல்லை.
அறுபத்தைந்தில் பலூன் இருந்தது, ஆள் இல்லை.

'பலூன்காரன் யாருக்கு வேணும்?' என்றார் ஜெயசீலன்.
'ஞாயித்துக்கிழமை மேட்ச்ச எப்படிப் பாக்குறது?'
நியாயம்தான். எங்கள் வில்லாபுரம் வீடு மேற்குப் பார்த்தது,
நாலு மணிக்கு ஹாலில் வெயில் வந்து பாய் விரிக்கும்.
முத்திருளாண்டியும் மறைக்கவில்லை:
'வெளிச்சத்துல இது கொஞ்சம் மங்கல்தான் சார்.
ஒரே சேனல் நாள்பூரா ஓடுனா
லோகோ தழும்பா நின்னாலும் நிக்கும்.'
விற்க வந்தவன் இப்படிப் பேசினால் என்ன செய்வது?

ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
சீட்டு எடுத்தது நான், அதனால் பேச்சும் என்னுடையது.

மறுநாள் விளக்குத்தூண் பக்கம் போய்
வெளிச்சம் நுழையாத நீலத் துணி கிழித்து வாங்கினேன்.
தொள்ளாயிரத்து அறுபது ரூபாய்,
திரைக்கு ஒரு திரை.

ஜெயசீலன் அதையும் கூட்டி வகுத்தார்.
அங்குலம் இரண்டாயிரத்து நூற்று அறுபத்து மூன்று.
எனக்குக் கேட்கட்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு
ரிமோட்டை எடுத்து
பலூன்காரன் எண்ணும் இடத்தில் நிறுத்தினார்.
எழுந்து, திரைக்குப் பக்கத்தில் குனிந்து நின்று,
'அது பத்து ரூபா நோட்டா, இருபதா?
சரியாப் பாத்துச் சொல்லு.'