சுணை

மல்லாவியில் இணக்கசபை சனிக்கிழமைகளில்
ஐந்தாம் வகுப்பு அறையில் கூடும்.
பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் இடிக்க இருந்து
எழுதுகிறவன் நான்.
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
பேசப்பட்ட வார்த்தை.
அதற்குக் கீழே, கொஞ்சம் அகலமாக:
அதன் பொருள்.

முறைப்பாட்டாளர் பத்மலோஜினி, வயது நாற்பத்தொன்று.
எதிராளி குணபாலசிங்கம்;
வெட்டு மெசின் இரண்டு, நெல் ஸ்டோர் ஒன்று.
மெசின் புதைகிற தாழ்வு வயலில்
போன காலபோகம் அரிவாளோடு இறங்கியவள் அவள்.
கூலி நிலுவை பதினாலாயிரம்.
ஏழாம் தரம் கேட்கப் போனபோது
லொறிக்கு மூட்டை ஏற்றிய ஆக்களுக்கு முன்னால்
அவர் சொன்னது:
சுணை கெட்டவள்.

நாய், மாடு, மூதேவி எல்லாம்
எனக்கு ஒரே இழுவையில் ஓடிவிடும்.
இதில் பேனை நின்றது.

"அது பேச்சே இல்லை ஐயா" என்றார் அவர்.
"பள்ளிக்கு எழும்பாத பெடியனுக்குச் சொல்லுறது.
தின்ட கோப்பை கழுவாட்டிச் சொல்லுறது."
உண்மைதான்.
கணக்குக்குப் பன்னிரண்டு எடுத்த அன்று
எனக்கும் சொன்னார்கள்.
சிரித்துக்கொண்டு பந்தடிக்கப் போனேன்.

"வெட்கம் எண்டு போடும்" என்றார் தலைவர்,
பிந்தின வழக்குகளை விரலால் எண்ணிக்கொண்டு.
போட்டேன். வெட்டினேன்.
ரோசம் என்று போட்டேன். அதையும் வெட்டினேன்.
ரோசம் வந்தால் வாய் நீளும்.
வெட்கம் வந்தால் தலை குனியும்.
இது வேறு என்னவோ.

அவள் எழும்பி
சேட்டுக் கையை முழங்கை மட்டும் சுருட்டினாள்.
"சுணை எண்டா இதுதான்.
நெல்லின்ர சுணை.
மூண்டு தரம் முழுகினாலும் போகாது,
ராவில பாயில கிடக்க முதுகில ஊரும்.
இவற்ற வயலின்ரதுதான்.
இது கெட்டவள் எண்டா
விடிய விடிய நான் சொறிஞ்சது ஆற்ற உடம்பை?"

பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"அண்ணையின்ர படத்தோட
எத்தினை கந்தோர்ப் படி ஏறினனான்.
அங்க ஒருத்தரும் இப்பிடிச் சொல்லேல்ல.
'பிறகு வாங்கோ' எண்டவை.
மரியாதையா, கதிரை தந்து.
அதுக்கும் பொருள் எழுதுங்கோவன்."

அதற்குக் கட்டம் இல்லை.

இரண்டு தவணையில் காசு என்று முடிந்தது.
"சொன்னதைத் திருப்பி எடுக்கிறன்" என்றார்
குணபாலசிங்கம், சுவரைப் பார்த்து.
"எடுத்து எங்க வைப்பியள்?" என்று கேட்டாள்.
நக்கலாக இல்லை.
இடம் தெரிந்தால் நல்லது என்பதுபோல.

பொருளுக்குரிய கட்டத்தில்
கடைசியாக எழுதினேன்:
'கதிரில் இருக்கும் மெல்லிய முள். பட்டால் கடிக்கும்.'
தலைவர் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்.

வீட்டுக்குப் போகும் தார் ரோட்டில்
பாதிக்கு மேல் நெல் காயப் போட்டிருந்தது.
அந்த ரோட்டில்தான் சிவனருளின் கடை.
மூவாயிரத்து இருநூறு, தை மாதத்திலிருந்து.
ஒரு நாளும் அவர் வாய் திறந்ததில்லை,
"வாங்கோ மாஸ்டர்" என்பதைத் தவிர.

வாய்க்கால் கட்டால் சைக்கிளைத் திருப்பினேன்.
ஒரு மைல் கூட.
கழுத்துப்பட்டிக்குள் எதுவோ கடித்தது.
ஒரு கையை விட்டுச் சொறிந்தேன்.