அரை ஆயுள்

மூன்றாம் நாளும் சிம்மக்கல் பக்கம் இரும்புக் கடைகள்தான்.
மூடிப்போன காகித ஆலையின் பதிவேட்டில் இருந்தது:
தொட்டியில் கூழ் மட்டம் பார்க்கும் மானி, சீசியம்,
ஈயக்கூட்டோடு ஐம்பத்திரண்டு கிலோ.
இருக்கிறது என்று வருஷா வருஷம் கையெழுத்து.
இருந்த இடத்தில் நான்கு போல்ட் துளைகள்.
ஏலம் எடுத்தவர்
எடைக்குப் போட்டுட்டேன் மேடம் என்றார்.

கையில் கருவி. டிக். கொஞ்சம் விட்டு, டிக்.
மதுரை எப்போதும் இப்படித்தான்,
யானைமலை அடியில் சற்றுக் கூடுதலாக.
கருங்கல்லின் சுபாவம் என்று
பயிற்சி வகுப்பில் சொல்லும்போதெல்லாம்
யாராவது ஒருவர் எழுந்து கேட்பார்: அப்போ கோயில்?
கோயிலும்தான் சார்.
பூஜ்யம் என்று ஓர் இடம் கிடையாது.

பீர் முகமது கடை வாசலைத் தாண்டி நாலு எட்டு.
டிக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு
துணி கிழிகிற சத்தமாயின.
செபாஸ்டினை அங்கேயே நிற்கச் சொன்னேன்.

கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஒச்சம்மா,
செம்பு தனி அலுமினியம் தனியென்று உரித்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தாள்,
அதன் மேல்.
சாக்கை நாலாக மடித்து மெத்தை போட்டிருந்தாள்.

குரலை உயர்த்தக் கூடாதென்று நெறிமுறையில் இருக்கிறது.
எப்படி என்று இல்லை.
எந்திரிங்கம்மா, என்றேன்.

மஞ்சள் ஒட்டில் மூன்று இறக்கைச் சின்னம்.
ஃபேன் கம்பெனிச் சாமான்னு நெனச்சோம், என்றார் பீர் முகமது.
கூடு உடையவில்லை. உள்ளே அடைப்பான் மூடி,
அதன்மேல் துருப்பிடித்த பூட்டு.
இருபத்தாறு வருஷ வேலையில்
ஒரு பூட்டைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது அன்றுதான்.
தொடவில்லை.
மேற்பரப்பில் மணிக்கு நாற்பது மைக்ரோ சீவர்ட்.

எத்தனை நாளா?
பங்குனிப் பொங்கல் முடிஞ்சதுலருந்து.
தெனமும் எவ்வளவு நேரம்?
மத்தியானம் வரைக்கும். அப்புறம் முட்டி விடாது.

நாலு மணி, எழுபத்திரண்டு நாள், நாற்பது.
மனசுக்குள் பெருக்கினேன். பதினொன்றரை மில்லி.
தொழிலாளி என்றால் ஆண்டுக்கு இருபது வரை போகலாம்.
பொதுமக்களுக்கு ஒன்று.
பத்து வயசிலிருந்து வேலை செய்கிற ஒச்சம்மா
எங்கள் படிவத்தில் பொதுமக்கள்.

செபாஸ்டின் ஒட்டைப் பார்த்து உரக்கப் படித்தான்,
நான் எழுத:
சீசியம் நூற்று முப்பத்தேழு. அரை ஆயுள் முப்பது வருஷம்.

அரை ஆயுள்னா
எனக்கா, அதுக்கா?

அதுக்குத்தாம்மா, என்றேன், மிக அவசரமாக.
அப்ப எனக்கு?
வாய்ப்பு ரொம்பக் குறைவு.
என்ன வாய்ப்பு, என்றாள்.

இந்த ஊரில் வாய்ப்பு என்றால் மில்லில் வேலை,
மகளுக்குக் காலேஜில் இடம்.
நல்லதுக்கென்று இருந்த சொல்லை
நோய்க்கும் நாங்களே எடுத்துக்கொண்டோம்.
வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன்:
பத்தாயிரம் பேர் இதும்மேல இப்படி உட்கார்ந்தா
அஞ்சாறு பேருக்குப் பின்னால ஏதாவது வரலாம்.

நான் ஒருத்திதானே உட்கார்ந்தேன்.

இதற்கு மேல் புத்தகம் இல்லை.
பெரியாஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டு எழுதினேன்.
அவள் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினேன்,
ஒற்று விடாமல்.

கூட்டைப் பெட்டிக்குள் இறக்கி, முத்திரை வைத்து,
வண்டியில் ஏற்றும்போது பின்னாலேயே வந்தாள்.
அந்த உசரத்துக்கு வேற ஒண்ணு குடுத்துட்டுப் போங்க.
தரையில உட்கார்ந்தா எந்திரிக்க முடியல.

கீழமாசி வீதியில் பிளாஸ்டிக் ஸ்டூல், இருநூற்று நாற்பது ரூபாய்.
கொடுப்பதற்கு முன், பழக்கதோஷம்,
கருவியை அதன்மேல் பிடித்துவிட்டேன்.

டிக்.

இதுலயும் வருதே, என்றாள்.