மூன்று புள்ளி இரண்டு

கஜபதி கேட்டது ஒரே கேள்வி.
நொடிக்குப் பதினைந்து கோடியே அறுபத்தெட்டு லட்சம் முறை
ஆடுகிற அலையை
ஒரு கோடி முறை மட்டும் பார்க்கிற பெட்டி
எப்படிம்மா பிடிக்கும்?
சங்கத்துப் பணம். கேட்காமல் இருக்க முடியாது.
ஆறாயிரத்து இருநூறு ரூபாய், ரசீதோடு.

பாடப்புத்தகம்
முப்பத்தொரு கோடிக்கு மேல் பார்க்கச் சொல்கிறது.
அத்தனை வேகக் கண்ணின் விலைக்கு
சோனாங்குப்பத்தில் நாலு பேருக்கு வலை மாற்றிக் கொடுக்கலாம்.

துறைமுக மேடையில் ஒரு ட்யூப்லைட்,
இரண்டு வாரமாய் வெட்டி வெட்டி எரிகிறது.
அதன் கீழே தேசிங்கு படகின் கொடிக்கம்பு.
பகலில் பார்த்திருக்கிறேன்,
உப்பனாற்றுத் தண்ணீரில் அது படபடவென்று ஆடும்.
இரவில், வெளிச்சம் வெட்டும்போது மட்டும் பார்த்தால்
மெல்லச் சாய்கிறது
மெல்ல நிமிர்கிறது
பஸ்ஸில் தூங்குகிறவர் தலை மாதிரி.
பொய்தான்.
ஆனாலும் உண்மையான ஆட்டத்தின் கணக்கு
அந்தப் பொய்க்குள் பத்திரமாய் இருக்கிறது.

உயரத்தில் இருப்பது வேறு, அகலமாய் இருப்பது வேறு.
குரலுக்கு வேண்டிய இடம் இருபத்தைந்தாயிரம்.
அவ்வளவுதான் அந்த வீடு,
எத்தனையாவது மாடியில் இருந்தால் என்ன?

காலையில் கொசுவம் வைக்கும்போது புரிந்தது.
ஐம்பது லட்சத்துக்கு ஒரு மடிப்பு.
முன்னே ஒன்று பின்னே ஒன்றாய்
எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிய,
முப்பத்திரண்டாவது மடிப்பில் இருக்கிற கடல்
முதல் மடிப்பில்
மூன்று புள்ளி இரண்டில் வந்து உட்காருகிறது.

ஊக்கு குத்தினால் எல்லா மடிப்பிலும் ஓட்டை.
அது அன்று ராத்திரிதான் தெரிந்தது.
வடிகட்டி இல்லாமல் காதை வைத்தேன்:
புதுச்சேரிப் பக்கத்து நகைக்கடை விளம்பரம்,
செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை,
அதற்கு அடியில் யாரோ ஐஸ், ஐஸ் என்றார்.
ஐஸ் தீர்ந்துவிட்டதா, வேண்டுமா, வேண்டாமா?
ஒரே இடத்தில் விழுந்த இரண்டைப் பிரிக்க
எந்தக் கணக்கும் கிடையாது.
குறைவாகப் பார்க்கிறவள்
எங்கே பார்ப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

பேனா ரீஃபில்லில் செம்புக் கம்பி சுற்றினேன், ஐந்து சுற்று.
பல்குத்தும் குச்சியால் சுற்றுகளை விலக்கி
நெருக்கி
மறுபடி விலக்கி
நகைக்கடையை வெளியே அனுப்ப நாலு நாள்.

பிறகு இரைச்சல்.
மஞ்சக்குப்பத்துப் பழைய இரும்புக் கடையில்
செல்போன் கோபுரத்துப் பலகை ஒன்று, எடைக்கு வாங்கினேன்.
அதிலிருந்து சூட்டுக்கு அசையாத கடிகாரப் படிகத்தைப் பிய்த்தேன்.
அபூர்வமாய்ப் பார்க்கலாம், தப்பில்லை.
நேரம் தவறிப் பார்த்தால்தான் எல்லாம் கலையும்.
ட்யூப்லைட்கூட ஒரு நாள் தாளம் தப்பியது;
அன்றைக்குக் கொடிக்கம்பு பேயாட்டம் ஆடியது.

மடிப்பின் பின்பக்கம் என்பதால்
ஏறுவது இறங்கும், இறங்குவது ஏறும்.
காதுக்கு இது தெரியாது.
இருந்தும் நிரலில் ஒரு கழித்தல் குறி போட்டேன்,
தேசிங்கு ஏறுகிற பக்கமே ஏறட்டும் என்று.

விடிகாலை நாலே காலுக்கு வந்தார்.
"பரங்கிப்பேட்டைக்கு நேரா நிக்கிறோம்.
பெல்ட்டு அறுந்துபோச்சு. ஆளுங்க நல்லாருக்கோம்.
யாராச்சும் வர்றீங்களா?"
இருமல்கூடத் தெளிவு.

கஜபதி இரண்டு படகுக்குப் போன் போட்டார்.
அப்புறம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் நடுவே
பதினைந்து அலை போகுதே,
அதுங்களுக்கு என்ன ஆச்சு?
போய்விட்டன, அண்ணே.
தனியாகச் சொல்ல
அவற்றிடம் எதுவும் இல்லை.

நம்பினாரா தெரியாது. ரசீதை மடித்து வைத்துக்கொண்டார்.

நேற்று யாரோ ட்யூப்லைட்டை மாற்றிவிட்டார்கள்.
கொடிக்கம்பு இப்போது இரவெல்லாம் படபடக்கிறது.
எண்ணிப் பார்த்தேன்.
பிடிபடவில்லை.